ஆடும் கமோடு: மேலே பூசுவதற்கு முன் கீழே பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டில் 78 வயதாகும் என் தாயாருக்காக, அவர் படுக்கையறையை ஒட்டிப் புதிதாக ஒரு குளியலறை கட்டினோம். தரைக்குள் போகும் பைப் வேலையையும் டைல்ஸ் பதிப்பதையும் ஆள் வைத்து முடித்துவிட்டு, கமோடு, வாஷ்பேசின், குழாய்கள் ஆகியவற்றை நானே பொருத்தினேன். கமோடு தரையில் நிற்கும் வகை. கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் எஸ் ட்ராப் அமைப்பு. பொருத்திய மூன்றாவது வாரமே அது ஆடத் தொடங்கியது. சுற்றிலும் ஒயிட் சிமெண்ட் பூசினேன். பத்து நாளில் வெடித்துவிட்டது. மறுபடியும் பூசினேன், மறுபடியும் வெடித்தது. ஸ்க்ரூவை முடுக்கினால் வலப்பக்கம் பிடிக்கிறது, இடப்பக்கம் சும்மா சுற்றுகிறது. இப்போது முன்புறம் இடது ஓரத்தில் ஈரம் கசிகிறது. விடியற்காலையில் லேசான நாற்றமும் வருகிறது. கமோடைத் தூக்கி, அடியில் சிமெண்ட் கலவையைக் கொட்டி அப்படியே உட்கார வைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் அசையாது என்று பக்கத்து வீட்டில் வேலை செய்யும் கொத்தனார் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? டைல்ஸை உடைக்க வேண்டி வருமா?
— திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கமோடு சரியாகும் வரை உங்கள் தாயார் அதில் உட்கார வேண்டாம். கமோடு என்பது சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூளையில் வெந்த பீங்கான். அதன் அடிப்பாகம் முழுவதும் தரையில் சீராகப் பதிந்திருந்தால் எவ்வளவு கனமானவர் உட்கார்ந்தாலும் தாங்கும். ஆனால் ஏதோ இரண்டு இடத்தில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு நடுவில் அந்தரத்தில் நின்றால், அதே பீங்கான் வளைய முடியாமல் விரிசல் விடும். இரும்பைப் போல முதலில் நெளிந்து எச்சரிக்கை தருகிற குணம் அதற்குக் கிடையாது. உடைந்த பீங்கானின் விளிம்பு கத்தியைப் போலக் கூர்மையாக இருக்கும். முதியவர்கள் உட்காரும்போதும் எழும்போதும் உடல் எடை முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் இயங்குவார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மருந்துக் கடைகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ சில நாள் சமாளித்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் நீங்களும் அவசரமில்லாமல் வேலை செய்யலாம்.

அடுத்து, கொத்தனார் சொன்ன யோசனை. அது வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கங்களில் பல வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பதும், சிலவற்றில் பல வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் அது தவறான வேலை. கமோடின் அடிவயிறு கூடாக இருக்கும். அந்தக் கூட்டுக்குள் கெட்டிக் கலவையை அடைத்தால், கலவை இறுகும்போதும் பிறகு ஈரத்திலும் வெயிலிலும் தரை அசையும்போதும் ஏற்படும் இழுப்பும் தள்ளலும் நேராகப் பீங்கான் மீது இறங்கும். பீங்கானும் சிமெண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பல தயாரிப்பாளர்கள் கமோடைச் சிமெண்டில் புதைக்காதீர்கள் என்று பொருத்தும் முறைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். புதைத்தால் உத்தரவாதமும் செல்லாமல் போகலாம். இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. நாளைக்குப் பைப்பில் அடைப்பு ஏற்பட்டாலோ, கமோடையும் தரைப் பைப்பையும் இணைக்கும் கனெக்டர் கசிந்தாலோ கமோடைத் தூக்கியாக வேண்டும். கலவையில் உட்கார்ந்த கமோடைத் தூக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் கழிவு வெளியேறவில்லை என்று அழைத்தார்கள். ட்ராப்புக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி சிக்கியிருந்தது. கமோடைக் கழற்ற முடிந்திருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. அங்கே உளி வைத்துக் கமோடையும் நான்கு டைல்ஸையும் உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

ஒயிட் சிமெண்ட் இரண்டு முறையும் வெடித்ததற்குக் காரணம் நீங்கள் சரியாகப் பூசாதது அல்ல. விளிம்பில் பூசும் பூச்சு, அசையாமல் நிற்கும் கமோடுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தை மூடுவதற்காக இருப்பது. ஆடும் கமோடை நிறுத்துவதற்கான பலம் அதற்கு இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் கமோடு ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், வளையாத அந்தப் பூச்சு நொறுங்கிவிடும். ஸ்க்ரூவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். கமோடு முதலில் எந்த ஸ்க்ரூவும் இல்லாமல், வெறுமனே தரையில் வைத்த நிலையிலேயே ஆடாமல் நிற்க வேண்டும். ஸ்க்ரூ அதை இடம் பெயராமல் பிடித்துவைப்பதற்கு மட்டும்தான். ஆடுகிற கமோடை ஸ்க்ரூவை இறுக்கி நிறுத்தப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஸ்க்ரூத் துளையைச் சுற்றிப் பீங்கான் விரிசல் விடும், அல்லது தரைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான ரால் பிளக் பிடுங்கிக்கொண்டு வரும். உங்களுக்கு இரண்டாவது நடந்திருக்கிறது. முதலாவது நடக்காமல் போனது நல்லதே.

அப்படியானால் ஏன் ஆடுகிறது? மூன்று கால் முக்காலியை எந்த மேடுபள்ளத்தில் வைத்தாலும் ஆடாது. நான்கு கால் நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைந்துவிடும், நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் அமையும் என்பதற்கு உறுதி இல்லை. கமோடின் அடி விளிம்பு நாற்காலிக் காலைவிடவும் சிக்கலானது, ஏனென்றால் அது சுற்றி வரும் ஒரே கோடு. சூளையில் வேகும்போது அந்த விளிம்பு ஓரிரு மில்லிமீட்டர் முறுக்கிக்கொள்வது சகஜம். தரையோ நம் வீட்டுக் குளியலறைகளில் வேண்டுமென்றே சாய்வாகப் போடப்பட்டது. தண்ணீர் வடிவதற்காகக் கொத்தனார் நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்திருந்தால், 450 மி.மீ. நீளமுள்ள கமோடின் அடிப்பாகத்துக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் 4.5 மி.மீ. வித்தியாசம் இருக்கும். ஒரே பக்கமாகப் போகும் வாட்டம் கமோடைச் சாய்க்குமே தவிர ஆட்டாது. ஆனால் நடுவில் தண்ணீர் வெளியேறும் தரைத் துவாரமான நானி ட்ராப்பை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் வாட்டம் இறங்கினால், கமோடின் கீழே தரை ஒரு முறுக்கலாகத் திரும்பும். அதோடு நான்கு டைல்ஸ் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மூலை மற்றதைவிட ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) உயர்ந்துவிட்டால், அந்த மூலையையே அச்சாகக் கொண்டு கமோடு ஊஞ்சலாடும். உங்கள் வீட்டில் இடது முன்புறம் ஈரம் தெரிகிறது, இடப்பக்க ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பக்கம் அடியில் இடைவெளி இருக்கிறது என்றும், உட்காரும்போதெல்லாம் கமோடு அந்தப் பக்கம் இறங்கி ஏறுகிறது என்றும் ஊகிக்கிறேன். ஆனால் தூக்கிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாத இன்னொரு காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தூக்குவதற்கு முன் ஈரமும் நாற்றமும் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அரை நாள் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்காமல் தரையைத் துணியால் ஒற்றி உலர விடுங்கள். பிறகு ஃபிளஷ் டேங்க்கின் மூடியைத் திறந்து, வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீர் நன்றாக நிறம் மாறும் அளவுக்கு விடுங்கள். கமோடின் அடி விளிம்பைச் சுற்றி வெள்ளைத் தாளை வைத்துவிட்டு, நான்கைந்து முறை ஃபிளஷ் செய்து, ஒவ்வொரு முறையும் கமோடைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். தாளில் நீலம் ஏறினால், கமோடுக்கும் தரைப் பைப்புக்கும் இடையிலுள்ள இணைப்பு விட்டுப்போயிருக்கிறது அல்லது பீங்கானிலேயே விரிசல் இருக்கிறது. நிறமில்லாத ஈரம் மட்டும் வந்தால், குளிக்கும் தண்ணீர் வெடித்த ஒயிட் சிமெண்ட் வழியாக உள்ளே போய்த் தேங்கியிருந்து வெளியே வருகிறது என்று பொருள். சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு குழாயான ஆங்கிள் காக்கிலிருந்து டேங்க்குக்குப் போகும் ஹோஸின் இரண்டு முனைகளிலும் ஒரு தாளைச் சுற்றி வைத்தால் அங்கிருந்து சொட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். பல வீடுகளில் கமோடைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். சொட்டுவது அந்த ஹோஸ் வாஷராக இருக்கும்.

நாற்றத்துக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு. கமோடின் உள்ளே எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் பூட்டு. அது 50 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல் நிற்கும்படிதான் கமோடுகளை வடிவமைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் குறையாமல் இருந்தும் நாற்றம் வருகிறது என்றால், வாயு அந்தப் பூட்டைத் தாண்டிய இடத்தில், அதாவது கமோடின் கழிவு வாய் தரைப் பைப்புக்குள் இறங்கும் இணைப்பில் வெளியேறுகிறது என்று அர்த்தம். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன், இரவில் படுக்கப் போகும்போது நானி ட்ராப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவைத்துப் பாருங்கள். அதில் தண்ணீர் வற்றியிருந்தாலும் விடியற்காலையில் அதே அழுகிய முட்டை நாற்றம்தான் வரும்.

இனித் தூக்குவது. ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் செய்து, டேங்க்கில் மிஞ்சும் தண்ணீரை ஸ்பஞ்சால் எடுத்துவிடுங்கள். கமோடுக்குள் நிற்பதையும் ஒரு பழைய குவளையால் இறைத்து, மீதியைத் துணியால் ஒற்றிவிடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள். டேங்க் தனியாகக் கழலும் வகை என்றால் அதை முதலில் இறக்கிவிடுங்கள். ஒரே துண்டாக இருக்கும் கமோடு 40 கிலோ வரை கனக்கும். அதைத் தனியாகத் தூக்க முயலாதீர்கள், கூட ஒருவர் வேண்டும். விளிம்பில் மிச்சமிருக்கும் ஒயிட் சிமெண்ட்டைப் பட்டி பிளேடால் கீறி எடுத்த பிறகுதான் தூக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கமாக நெம்பினால் பீங்கான் உடையும். தூக்கியதும் நேராக மேலே எடுத்து, மடித்த சாக்கு அல்லது பழைய போர்வையின் மேல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தரைப் பைப்பின் வாயை உடனே ஒரு பழந்துணியைப் பெரிய உருண்டையாகச் சுருட்டி அடைத்துவிடுங்கள். வாயு வராமல் இருப்பதற்காக மட்டுமல்ல, ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அதன் பிறகு வேலையே வேறாகிவிடும்.

இப்போது அந்த இன்னொரு காரணத்தைப் பாருங்கள். தரைக்குள்ளிருந்து வரும் 110 மி.மீ. பைப்பின் வாய் டைல்ஸ் மட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ரசமட்டத்தை அதன் மேல் கிடத்தி அளந்து பாருங்கள். வீட்டில் தாங்களே பொருத்தியவர்கள் அழைத்து நான் பார்த்த இடங்களில், கமோடு ஆடுவதற்குத் தரையின் மேடுபள்ளத்துக்கு அடுத்தபடி காரணமாக இருந்தது இந்தப் பைப்பின் உயரம்தான். பைப் சற்று நீட்டிக்கொண்டிருந்தால் கமோடு தரையில் உட்காராமல் அந்தப் பைப்பின் மேலேயோ கனெக்டரின் மேலேயோ உட்காரும். நடுவில் ஒரு முளையின் மேல் வைத்த தட்டு போல அது எல்லாப் பக்கமும் ஆடும். கமோடின் அடியில் கழிவு வாயைச் சுற்றிப் பைப் உராய்ந்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால், நீங்கள் வாங்கியிருக்கும் கனெக்டர் கேட்கும் உயரத்துக்குப் பைப்பை ரம்பத் தகட்டால் சுற்றி அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பைப் தாழ்ந்திருந்தால் ஆட்டத்துக்கு அது காரணமாகாது. ஆனால் கசிவுக்கும் நாற்றத்துக்கும் அதுவே காரணமாகும். கழிவு வாய் பைப்புக்குள் போதுமான ஆழம் இறங்காமல் நிற்கும். நீளம் கூடிய கனெக்டர் கடைகளில் கிடைக்கிறது. கமோடின் வாயையும் பைப்பின் உள்விட்டத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போய் வாங்குங்கள்.

அடுத்து டைல்ஸ். ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியால் கமோடு நின்ற இடத்தில் ஒவ்வொரு டைலையும் ஐந்தாறு இடத்தில் தட்டிக் கேளுங்கள். கெட்டியாக இருக்கும் டைல் கணீரென்றோ மந்தமாகவோ ஒரே சத்தம் கொடுக்கும். அடியில் கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருக்கும் டைல் டொக்கென்று ஒலிக்கும். கலவையைப் பரப்பாமல் டைலின் முதுகில் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்கிவிடும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. அப்படிப் பதித்த டைலில் துளையிட்டால் துரப்பணம் டைலைத் தாண்டியதும் வெற்றிடத்துக்குள் போகும், ரால் பிளக் எதையும் பற்றிக்கொள்ளாமல் தொங்கும். உங்கள் இடப்பக்க ஸ்க்ரூ சும்மா சுற்றுவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தளத்தைத் தாழ்த்திக் குழித்தளம் போட்டு அதில் செங்கல் துண்டும் மணலும் நிரப்பிய குளியலறையாக இருந்தால், கலவைக்குக் கீழே இருக்கும் அந்த நிரப்புக்கும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் திறன் கிடையாது.

டைல்ஸை உடைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். டொக்குச் சத்தம் துளையைச் சுற்றி ஓர் அங்குல அளவுக்கு மட்டும் இருந்தால் உடைக்க வேண்டாம். அதற்கு வேறு வழி சொல்கிறேன். டைல் முழுவதும் பொள்ளலாக இருந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும். பொள்ளல் டைலின் மேல் கமோடை வைத்தால், நீங்கள் எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் ஒரு நாள் அந்த டைல் உள்வாங்கி உடையும், ஆட்டம் திரும்பி வரும். கமோடின் அடியில் மறைந்துபோகும் டைல் என்பதால் அதே நிறம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உடைத்த இடத்தில் நிரப்பு மணலாகவோ உதிரியாகவோ இருந்தால், ஸ்க்ரூ வரும் இரண்டு இடங்களிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தோண்டி, பொடி ஜல்லி போட்டு 1:2:4 விகிதத்தில் கான்கிரீட் நிரப்பி, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற விடுங்கள். அந்த ஏழு நாளைச் சுருக்கப் பார்க்காதீர்கள். தோண்டும்போது குழித்தளத்தின் அடியில் பூசியிருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு வரை உளியைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிழிந்தால் கீழ்ச் சுவரெல்லாம் ஈரம் இறங்கும்.

தரை கெட்டியானதும், கனெக்டரும் ஸ்க்ரூவும் எதுவும் இல்லாமல் கமோடை அதன் இடத்தில் வெறுமனே வைத்துப் பாருங்கள். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். உங்களையும் அப்படிச் செய்யச் சொல்கிறேன். இரண்டு கைகளையும் கமோடின் மேல் விளிம்பில் எதிரெதிர் மூலைகளில் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தில் அடி விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துக்கொண்டே சுற்றி வந்தால், இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். பென்சிலால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் ஆப்பு வைக்க வேண்டும். டைல்ஸ் பதிப்பவர்கள் மட்டம் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஆப்புகள் ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை இதற்கு மிகப் பொருத்தமானவை. அட்டைத் துண்டு, மரச்சில்லு, தீக்குச்சி, மடித்த இரும்புத் தகடு ஆகிய எதையும் வைக்காதீர்கள். முதல் மூன்றும் ஈரத்தில் ஊறி அமுங்கும், இரும்பு துருப்பிடித்து உப்பிப் பீங்கானைத் தூக்கும். ஆப்பைச் சுத்தியால் அடிக்காமல் விரலால் தள்ளி, பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். ஓர் இடத்தில் பெரிய ஆப்பாக வைப்பதைவிட, இடைவெளி உள்ள நீளம் முழுவதும் ஆறேழு செ.மீ.க்கு ஒன்றாகப் பரப்பி வைத்தால்தான் பாரம் பங்கிட்டு இறங்கும். முதலில் ஆட்டம் நிற்கட்டும். அதன் பிறகு ரசமட்டத்தை விளிம்பின் மேல் குறுக்காகவும் நீளவாக்காகவும் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஆப்பைச் சற்றுக் கூட்டிக் குறையுங்கள். இரண்டில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் மட்டத்தை ஒரு நூல் விட்டுக்கொடுக்கலாம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆப்பு அதற்குத் தீர்வல்ல. அந்த இடத்தில் டைலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கமோடு கையால் தள்ளியும் அசையாமல் நின்றதும், அதன் துளைகள் வழியாகத் தரையில் புள்ளி குறியுங்கள். பழைய துளைகளோடு அவை பொருந்தி வருமானால் வலப்பக்கத் துளையை அப்படியே பயன்படுத்தலாம். இடப்பக்கத் துளையிலிருந்து பழைய பிளக்கைப் பிடுங்கி, தூசியையெல்லாம் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றி, துளை நன்றாக உலர்ந்த பிறகு எபாக்சி ரெசினை அடியிலிருந்து மேலாக நிரப்பி, மரையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை அதில் நிறுத்திவையுங்கள். துளைக்குள் வெற்றிடம் இருந்தால் ரெசின் ஓடிவிடாமல் இருக்கச் சல்லடைக் குழாய் ஒன்றை முதலில் செருக வேண்டும். ரெசினோடு சேர்த்தே அதையும் கேட்டு வாங்கலாம். ரெசின் இறுகும் நேரம் டப்பாவில் குறித்திருக்கும். அது முடியும் வரை கம்பியைத் தொடாதீர்கள். இது சரியாக அமைந்தால் பிளக்கைவிட உறுதியான பிடிப்பு. பிளக் துளைக்குள் குச்சியைச் செருகி ஸ்க்ரூவை இறுக்குவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் ஈரமான தரையில் அந்தக் குச்சி ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாண்டாது.

புதிதாகத் துளையிட வேண்டியிருந்தால், தரைக்குள் பைப் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பைப் போட்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே துளையிடுங்கள். மூடுவதற்கு முன் எடுத்த புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது. டைலின் மேல் காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் புள்ளி வைத்து, டைல்ஸ் பிட்டால் அடி இல்லாத சுழற்சியில் மட்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு டைலைத் தாண்டுங்கள். தாண்டிய பிறகு கான்கிரீட் பிட்டை மாற்றி அடியோடு இறக்கலாம். பிளக்கைத் துளைக்குள் விடும்போது அதன் தலை டைலின் மேல் மட்டத்தோடு நிற்காமல், டைலின் கனத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கட்டும். ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரியும், அப்படி விரியும் அழுத்தம் டைலின் மேல் விழுந்தால் டைல் வெடிக்கும். இரண்டு வீட்டில் கமோடு ஆடுவதற்கு இந்த வெடித்த டைலே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ, கமோடின் பாதம், டைல், கலவை மூன்றையும் கடந்து கெட்டியான பகுதிக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்கும் நீளத்தில் இருக்க வேண்டும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டும் வாங்குங்கள்.

இறுதியாகப் பொருத்தும்போது பழைய கனெக்டரையோ ரப்பர் வளையத்தையோ திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மெழுகு வளையம் போட்டிருந்தால் அதை நிச்சயமாக எறிந்துவிட வேண்டும். ஒரு முறை அமுங்கிய மெழுகு திரும்ப எழும்பாது, கமோடு ஆடிய ஒவ்வொரு முறையும் அதில் சந்து விழுந்திருக்கும். பைப்பின் வாயில் அடைத்த துணியை எடுத்துவிட்டோமா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இருவராகத் தூக்கி, கழிவு வாய் கனெக்டருக்குள் நேராக இறங்கும்படி வைத்து, மேலே உட்காரும் எடையிலேயே அமர விடுங்கள். ஆப்புகளை முன்பு குறித்த இடங்களில் திரும்பச் செருகுங்கள். துளைகளில் சிறிது சிலிகானை விட்டுவிட்டு ஸ்க்ரூவை ஏற்றினால், மேலிருந்து தண்ணீர் துளை வழியாக இறங்காது. பிளாஸ்டிக் வாஷர் இல்லாமல் ஸ்க்ரூவின் தலை பீங்கானைத் தொடக் கூடாது. வலப்பக்கம் அரைச் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று என்று கையால் மாற்றி மாற்றி முடுக்கி, வாஷர் அழுந்தி நின்றதும் விட்டுவிடுங்கள். மின் துரப்பணத்தை இந்த இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம்.

ஆப்புகளின் வெளியே நீட்டியிருக்கும் பகுதியைப் பிளேடால் சீவிவிட்டு, தரையையும் பீங்கானையும் நன்றாக உலர்த்தி, பூஞ்சை பிடிக்காத குளியலறை சிலிகானால் விளிம்பை மூடுங்கள். காடி நெடி அடிக்கும் வகையைத் தவிர்த்து, நெடியில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது சிமெண்ட்டின் மேலும் கல்லின் மேலும் சரியாக ஒட்டாது. சிலிகான் வளைந்து கொடுக்கும், ஒயிட் சிமெண்ட் கொடுக்காது என்பதோடு, கமோடைக் கழற்ற வேண்டி வந்தால் பிளேடால் அறுத்து எடுத்துவிடலாம் என்பதும் அதன் நன்மை. சுற்றி முழுவதும் மூடாமல், பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வாட்டம் இறங்கும் பக்கமாகப் பார்த்து இரண்டு அங்குலம் திறந்துவிடுங்கள். குளிக்கும் தண்ணீர் உள்ளே போகுமே என்று சிலர் இதை ஏற்பதில்லை. ஆனால் கனெக்டர் என்றாவது கசிந்தால் அந்த இரண்டு அங்குலத்தின் வழியாகத்தான் உங்களுக்குத் தெரியவரும், முழுவதும் மூடியிருந்தால் கழிவுநீர் டைல்ஸுக்கு அடியில் மாதக்கணக்கில் தேங்கிய பிறகே தெரியும். சிலிகான் இறுக 24 மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு நீலச் சோதனையை இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு, நீங்கள் முதலில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சாய்ந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூவை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டியது பாக்கி.

குளியலறையைக் கழுவ ஆசிட் ஊற்றும் பழக்கம் வீட்டில் இருந்தால் இந்த அறையில் அதை நிறுத்திவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் டைல்ஸ் சந்திலுள்ள சிமெண்ட்டைக் கரைக்கும், எஃகு ஸ்க்ரூவையும் அரிக்கும். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும், யாருக்காகக் கட்டினீர்கள் என்பதை எழுதியிருப்பதால், சேர்த்துக்கொள்கிறேன். முழங்கால் வலியுள்ளவர்கள் எழுந்திருக்கப் பக்கத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் ஃபிளஷ் டேங்க்கையோ இருக்கையின் ஓரத்தையோ ஊன்றித்தான் எழுவார்கள்; சரியாகப் பொருத்திய கமோடையும் அந்தப் பக்கவாட்டு இழுப்பு நாளடைவில் தளர்த்திவிடும். கமோடுக்குப் பக்கத்துச் சுவரில் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்துங்கள். ஸ்க்ரூ பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். உயரம் பொதுவாக இருக்கைக்கு மேல் 200 முதல் 250 மி.மீ. என்று வைப்பார்கள், ஆனால் துளையிடுவதற்கு முன் உங்கள் தாயாரை மூடியின் மேல் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லி, அவர் எழுவதற்காகக் கையை இயல்பாகக் கொண்டுபோகும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.